ஒரே மாதிரி இரண்டு டயோட்கள்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒருநாள் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசை. எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து இஸ்தோப்பில் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் மாணவன் ஒருவன். அவன் முன்னால் வெள்ளை வெளிச்சம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரேயொரு டோர்ச் பற்றரி, அதுவும் செத்த பற்றரி. டோர்ச்சில் போட்டால் பல்பு சிவக்கக்கூட மாட்டாது என்று யாரோ எறிந்ததைப் பொறுக்கி வந்திருக்கிறான். கருகிப்போன சி.எஃப்.எல். பல்பின் வயிற்றிலிருந்து எடுத்த ஒரு கரிய வளையம், அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பியால் இரண்டு சுருள், உடைந்த ரேடியோவின் டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு தடை, ஓர் எல்.இ.டி. சாமான் அவ்வளவுதான்.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். புதுப் பற்றரியிலேயே இருப்பது 1.5 வோல்ட். அவன் கையிலிருந்ததில் 1 வோல்ட்கூடத் தேறாது. இல்லாத வோல்ட் எங்கிருந்து வந்தது?

"சுருள் கூட்டிக் குடுக்குது சேர்" என்றான். சரியான பதில். ஆனால் அவனை வேறொன்று மடக்கியிருந்தது. அக்காவுக்குச் சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் இதைவிடப் பெரிய விளக்கு ஒன்று செய்ய நினைத்தான். இரண்டு புதுப் பற்றரி, வரிசையாக மூன்று எல்.இ.டி., வெளிச்சம் நடுங்காமலிருக்க ஒரு டயோடும் ஒரு கொள்ளளவியும். டயோட் வாங்கக் கடைக்குப் போகவில்லை. பழுதாய்ப்போன போன் சார்ஜர் ஒன்றைப் பிளந்து இரண்டு டயோட் எடுத்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு உடம்பு, ஒரு ஓரத்தில் ஒரே வெள்ளிப் பட்டை. ஒன்றைப் போட்டால் வெளிச்சம் மங்கல். டயோடைத் தொட்டால் சுடுகிறது. மற்றதைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது. டயோட் குளிர்ந்தே இருக்கிறது.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு சேர்?"

முதலில் சுருளைப் பார்ப்போம். சுருளைப் பற்றி அறிவியல் உலகம் முதலில் அறிந்ததும் இப்படியொரு குழப்பத்தால்தான். 1832இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி ஒன்றைக் கவனித்தார். பற்றரியின் இரு முனைகளையும் குட்டைக் கம்பியால் இணைத்துவிட்டுப் பிரித்தால் ஒன்றுமில்லை. நீளக் கம்பியால் இணைத்துப் பிரித்தால் சட்டென்று ஒரு தீப்பொறி. அந்தக் கம்பியையே சுருளாகச் சுற்றிவிட்டால் பொறி இன்னும் பெரிது. 1834இல் இங்கிலாந்தில் வில்லியம் ஜென்கின் என்பவர் மைக்கேல் பாரடேயிடம் இதைவிட விசித்திரமான ஒன்றைச் சொன்னார். ஒற்றைக் கலம் கொடுக்கும் மின்சாரத்தை நேராகக் கையில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அதையே ஒரு மின்காந்தச் சுருளின் வழியே ஓடவிட்டு, கம்பி முனைகள் இரண்டையும் இரு கைகளில் பிடித்தபடி இணைப்பை அறுத்தால் உடம்பு உதறுகிறது.

இங்கே நின்று யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணைக்கும்போது அடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதும் அடிக்கவில்லை. அறுக்கும்போதுதான் அடித்தது. கொடுப்பவன் கையை எடுத்த பிறகு வந்த அடி அது. ஆக, ஓட்டம் ஓடிய நேரத்தில் சுருள் எதையோ தனக்குள் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பாரடே இதைப் பல மாதிரியாக மாற்றி மாற்றிச் சோதித்தார். சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் சக்தி சேமிக்கப்படுகிறது என்று இன்று சொல்கிறோம். ஓட்டத்தை நிறுத்தப் பார்த்தால் அந்தப் புலம் சுருங்கும். சுருங்கும்போது, ஓட்டம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழி இருந்தால் மென்மையாகத் தள்ளும். வழியை அடைத்தால், வழி திறக்கும்வரை வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். காற்றையே பிளந்துகொண்டு பாய்வதுதான் ஹென்றி கண்ட பொறி.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தண்ணீரில் சொன்னால் உடனே பிடிபடும். மலை உச்சியில் ஊற்று, அங்கிருந்து லயம்வரை நீளமாக ஒரு பைப். கீழே பைப்பைத் திறந்து தண்ணீர் வேகமாக விழுந்துகொண்டிருக்கும்போது சட்டென்று மூடிப்பாருங்கள். 'டொக்' என்று பைப் முழுக்க அதிரும். பழைய பைப் என்றால் மூட்டுக் கழன்றுவிடும். மெல்ல மூடினால் சத்தமே இல்லை. பைப்புக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் நிற்க வேண்டியிருப்பதால் வரும் இடி அது. ஊற்றின் உயரம் கொடுக்கும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அழுத்தம் அந்த ஒரு கணத்தில் பிறக்கிறது. நீளமான பைப், வேகமான தண்ணீர், சட்டென்ற மூடல். நீளமான கம்பி, ஓடும் மின்சாரம், சட்டென்ற அறுப்பு.

இந்த இடியை வீணாக்காமல் வேலை வாங்கும் பொறி ஒன்று உண்டு. பிரான்சில் ஜோசப் மோங்கோல்பியே 1796இல் அதைத் தானாக இயங்கும்படி அமைத்தார். சூடான காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவர் இவர். ஹைட்ராலிக் ராம் என்று அந்தப் பொறிக்குப் பெயர். பெட்ரோலும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சரிவில் இறங்கிவரும் தண்ணீர் ஒரு வால்வை அடித்து மூடும். உடனே பைப்பில் இடி பிறக்கும். அந்த இடியின் அழுத்தம் பக்கத்திலிருக்கும் இன்னொரு வால்வைத் தள்ளித் திறந்து, கொஞ்சம் தண்ணீரை ஒரு கலயத்துக்குள் தள்ளும். அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தானாகத் திறக்க, தண்ணீர் மறுபடி வேகமெடுக்கும். 'டொக்… டொக்…' என்று இராப்பகலாக இதுவே நடக்கும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், ஊற்றைவிட உயரத்திலிருக்கும் தொட்டிக்கு ஏறும். நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் விழுந்து, கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரம் ஏற்றிவிடுகிறது. தண்ணீர் கூடவுமில்லை, உழைப்பு கூடவுமில்லை. கணக்கு வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது.

அந்த இரண்டாவது வால்வைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்பேன். இடி அடிக்கும்போது கலயத்துக்குள் போன தண்ணீர், இடி அடங்கியதும் வந்த வழியே பைப்புக்குத் திரும்பிவிடும். தொட்டிக்கு ஒரு சொட்டும் ஏறாது. பொறி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். கிணற்றடிப் பம்பில் 'புட் வால்வு' கெட்டுப்போன வீட்டுக்காரருக்கு இந்த வலி தெரியும்.

மாணவனின் வளையத்தில் சுற்றிய சுருள்தான் நீளமான பைப். டிரான்சிஸ்டர், அடித்து மூடும் முதல் வால்வு. டயோட், ஒருவழியாக மட்டும் திறக்கும் இரண்டாவது வால்வு. கொள்ளளவி, கலயம்.

டயோடைப் பற்றிப் பேசும்போது நம் சொற்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைந்தால் ஆடலோட்டம். ஒரே திசையில் போனால் நேரோட்டம். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவதைச் சீராக்கம் என்றும், அதைச் செய்யும் கருவியைச் சீராக்கி என்றும் இலங்கைப் பாடநூல்களில் படித்தோம். தமிழகத்தில் அலைதிருத்தி என்கிறார்கள். டயோடுக்கு இங்கே இருவாயி என்றும் பெயருண்டு. நல்ல சொற்கள்தான். ஆனால் 'சீராக்கி' என்று கேட்டதும், ஏதோ கோணலாக இருப்பதை நேராக்கும் கருவி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. டயோட் எதையும் நேராக்குவதில்லை. ஒரு பக்கமாக வந்தால் விடுகிறது, மறுபக்கமாக வந்தால் தடுக்கிறது. அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றே. ஒருவழிக் கதவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் சுருள் சுற்றுகளில் அது செய்யும் எல்லாக் காரியமும் விளங்கிவிடும்.

இப்போது அந்தச் சிறு விளக்கு. டிரான்சிஸ்டர் திறக்கிறது, பற்றரியிலிருந்து சுருள் வழியே ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வளையத்தில் காந்தம் நிறைகிறது. ஓர் எல்லை வந்ததும், இரண்டாவது சுருள் டிரான்சிஸ்டரை மூடச் சொல்கிறது. மூடியதும் ஓட்டத்துக்கு வழியில்லை. சுருள் வோல்ட்டை ஏற்றுகிறது: 1, 2, 3. மூன்றுக்குப் பக்கத்தில் எல்.இ.டி. வழிவிடுகிறது, சேர்த்து வைத்ததெல்லாம் அதன் வழியே ஒளியாகக் கொட்டித் தீர்கிறது. தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. இது நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கிறது. கண்ணுக்குத் தொடர்ந்த வெளிச்சமாகவே தெரிகிறது. பற்றரியின் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிடுவதால் இச்சுற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஜூல் திருடன்' என்று செல்லப்பெயர். ஜூல் என்பது சக்தியின் அலகு.

நொடிக்குப் பல்லாயிரம் தடவை என்று நான் சொல்வதை எப்படி நம்புவது? அலைகாட்டி இருந்தால் திரையில் பார்க்கலாம். எங்கள் பள்ளியில் அது இல்லை. பழைய ஏ.எம். ரேடியோ ஒன்றை அந்த வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் 'ஙீ' என்று ஓர் இரைச்சல் எழுந்தது. பற்றரியைக் கழற்றினால் அடங்கியது, போட்டால் எழுந்தது. எல்.இ.டி. நிதானமாக எரிவதுபோல் தெரிந்தாலும் உள்ளே துடிப்பு ஓயவில்லை என்று ரேடியோ காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்தச் சிறு விளக்கில் தனியாக டயோட் இல்லையே என்று கேட்கலாம். எல்.இ.டி.யே டயோட்தான். பெயரின் கடைசி எழுத்தே அதைச் சொல்கிறது. வெளிச்சம் தருவதையும் கதவாக நிற்பதையும் ஒன்றாகச் செய்கிறது. மாணவன் கொள்ளளவி சேர்த்தபோதுதான் தனிக் கதவு தேவைப்பட்டது. கலயம் வைத்தால் வால்வு வைத்தே ஆகவேண்டும்.

ஒரு துண்டுப் பொருள் எப்படி ஒருவழிக் கதவாகும்? இதைக் கண்டுபிடித்த கதை கற்களில் தொடங்குகிறது. மாணிக்கக் கல் தோண்டும் இரத்தினபுரிப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1874இல் ஜெர்மனியில் பெர்டினாண்ட் பிரவுன், கலீனா போன்ற உலோகக் கந்தகக் கனிமக் கற்களை எடுத்து, அவற்றில் ஒரு கம்பி நுனியை அழுத்தி மின்சாரம் செலுத்திப் பார்த்தார். ஒரு திசையில் தாராளமாகப் போனது. திசையை மாற்றினால் அவ்வளவாகப் போகவில்லை. கம்பி என்றால் எத்திசையிலும் ஒரே மாதிரிக் கடத்தும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்கு இது பொருந்தவில்லை. காரணம் தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. காரணம் தெரியும் முன்பே பயன்பாடு வந்துவிட்டது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாவைக் கொண்டு மின்காந்த அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னர் வீடு வீடாகக் 'கிரிஸ்டல் ரேடியோ' வந்ததும் இந்தக் கல்லும் கம்பியும் கொண்டுதான்.

கேகாலை மாவட்டத்தில் போகலைக் காரீயச் (கிராபைட்) சுரங்கம் இருக்கிறது. நரம்பு நரம்பாக ஓடும் மிகத் தூய காரீயம். பென்சிலுக்குள் இருப்பதும் காரீயம்தான். இரண்டாம் உலகப் போரில், கையில் எதுவுமில்லாத படைவீரர்கள் நீலம் பாய்ந்த சவர பிளேட் ஒன்றின்மேல் பென்சில் கூரைத் தொடவைத்து அதையே டயோடாக்கி ரேடியோ கேட்டார்கள். பிளேட்டின்மேல் படிந்த மெல்லிய ஒக்சைட்டுப் படலமும் காரீயமும் தொடும் புள்ளிதான் அங்கே கதவு. இதை வகுப்பில் செய்து பார்த்திருக்கிறோம். பென்சில் கூரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தவேண்டும். ஐந்து பேர் மூச்சுவிடாமல் குனிந்திருக்க, காதுப்பொறியில் கரகரவென்று ஒரு மனிதக் குரல் வந்த கணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கல் விஷயத்தில் இன்னொன்று. வெள்ளை எல்.இ.டி.யின் உயிர், நீல ஒளி தரும் காலியம் நைட்ரைட்டுப் படலம். அதைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் படலத்தைப் பெரும்பாலும் நீலக்கல் தட்டின்மேல்தான் வளர்க்கிறார்கள். செயற்கையாக வளர்த்த, நிறமற்ற நீலக்கல். ஆனாலும் பொருள் அதேதான், இரத்தினபுரிக் குழியில் தட்டுப்படும் அதே அலுமினிய ஒக்சைட்டு.

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண டயோடின் உள்ளே சிலிக்கன் துண்டு. அதன் ஒரு பாதியில் எலத்திரன் மிகுதியாக இருக்கும்படியும், மறுபாதியில் குறைவாக இருக்கும்படியும் கலப்படம் செய்திருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்னேற்றமே நடமாடாத ஒரு வெற்றுக் கீற்று உருவாகும். ஒரு திசையில் தள்ளினால் கீற்றுச் சுருங்கி வழி திறக்கும். எதிர்த்திசையில் தள்ளினால் அகன்று அடைத்துவிடும்.

திறந்த கதவு உடனே மூடிவிடுமா? கோயில் தேருக்குக் கூட்டம் வாசல் வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. "கதவைச் சாத்து" என்று உத்தரவு வந்துவிட்டது. ஆனால் வாசற்படியிலேயே இருபது பேர் நிற்கிறார்கள். அவர்கள் விலகினால்தான் சாத்தலாம். விலகும் நேரத்தில் சிலர் வெளியேயும் திரும்பிவிடுவார்கள். சிலிக்கன் டயோடிலும் அப்படித்தான். ஓட்டம் போய்க்கொண்டிருந்தபோது எல்லைக்குள் நிறைந்த மின்னேற்றங்கள், திசை மாறியதும் உடனே கலைவதில்லை. கலையும்வரை கதவு திறந்தே கிடக்கும், பின்னோக்கியும் மின்சாரம் பாயும். இதை மீள்நேரம் என்று சொல்லலாம்.

மாணவன் எடுத்த இரண்டு டயோடிலும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். மங்கல் வெளிச்சம் தந்ததில் 1என்4007. பளிச் வெளிச்சம் தந்ததில் 1என்5819. முதலாவது, உலகெங்கும் மலிந்து கிடக்கும் சிலிக்கன் சீராக்கி. எதிர்த்திசையில் 1000 வோல்ட் தள்ளினாலும் தாங்கும். ஆனால் மூடச் சில மைக்ரோ நொடிகள் பிடிக்கும். மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை மட்டுமே ஆடுவதால், அந்த வேலைக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. மாணவனின் சுருளோ நொடிக்கு 50,000 தடவை அளவில் துடிக்கிறது என்று வையுங்கள். ஒரு துடிப்பின் மொத்த ஆயுளே 20 மைக்ரோ நொடி. அதில் நாலைந்து மைக்ரோ நொடி கதவு சாத்தாமல் கிடந்தால், கலயத்தில் சேர்ந்ததில் ஒரு பங்கு திறந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியே பின்னால் ஒழுகிவிடும். வெளிச்சமாக வேண்டியது டயோடிலும் டிரான்சிஸ்டரிலும் சூடாகிப் போனது. அவன் விரலில் சுட்டது அதுதான்.

இரண்டாவது டயோட் வேறு சாதி. ஷொட்கி டயோட் என்பார்கள். இதில் கதவு இரண்டு சிலிக்கன்களுக்கு நடுவில் இல்லை. உலோகமும் சிலிக்கனும் தொடும் இடத்தில் இருக்கிறது. வாசற்படியில் கூட்டம் தங்காது. சொன்னதும் சாத்திக்கொள்ளும். பிரவுன் 1874இல் கல்லில் கம்பியைக் குத்திச் செய்ததும் உலோகமும் குறைகடத்தியும் தொடும் கதவுதான். போன் சார்ஜருக்குள் இருப்பது அந்தப் பழைய கல்லின் நேர் வாரிசு.

ஷொட்கிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எந்த டயோடும் வழிவிடக் கொஞ்சம் வோல்ட்டைச் சுங்கமாகப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கன் 0.7 வோல்ட் அளவில் பிடிக்கும். ஷொட்கி அதில் பாதியளவோடு விட்டுவிடும். 100 வோல்ட்டில் 0.7 போனால் யாருக்கும் தெரியாது. டைனமோ பூட்டிய சைக்கிளில் நான்கு டயோட் கொண்ட பாலச் சீராக்கி வைத்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு டயோடைக் கடக்கவேண்டும். 6 வோல்ட்டில் 1.4 சுங்கத்துக்கே போய்விடும். சின்ன வோல்ட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய காசு.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் ஷொட்கியே வைக்கக் கூடாதா? 1என்5819 எதிர்த்திசையில் 40 வோல்ட்தான் தாங்கும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்று சொன்னாலும் அதன் ஆட்டத்தின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். அங்கே வைத்தால் அந்த நொடியே போய்விடும். சார்ஜருக்குள் இரண்டு சாதியும் ஏன் இருந்தன என்பது இப்போது புரிகிறது. சார்ஜரே ஒரு துடிப்புச் சுருள் சுற்றுத்தான். சுவர்ப் பக்கத்தில் 1என்4007, 50 தடவை ஆடும் உயர்வோல்ட்டை மெதுவாக, உறுதியாகச் சீராக்குகிறது. அப்படிக் கிடைத்த நேரோட்டத்தை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிச் சுருளுக்குக் கொடுக்கிறது. சுருளின் மறுபக்கத்தில் வேகமான, தாழ்வோல்ட்டுக் கதவாக ஷொட்கி நிற்கிறது. மெதுவான கதவு ஒரு வாசலில், வேகமான கதவு மறுவாசலில். அவற்றை இடம் மாற்றினால் இரண்டு பக்கமும் கெடும்.

சார்ஜரைப் பிளக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவி அந்த 325 வோல்ட்டை வைத்துக்கொண்டிருக்கும். பெரியவர் ஒருவர் அதை வடித்துக் காட்டாமல் தொடக் கூடாது. கொசு அடிக்கும் மின்மட்டையைத் திறப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதிலும் சுருளும் டிரான்சிஸ்டரும் துடிக்கின்றன. அதன்பின் டயோடும் கொள்ளளவியும் மாறி மாறி ஏணிப்படிபோல அடுக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் வோல்ட் ஏறி ஆயிரத்தைத் தாண்டுகிறது. இதே ஏணியைப் பெரிதாகக் கட்டித்தான் 1932இல் கேம்பிரிட்ஜில் கொக்ரொப்டும் வால்டனும் லிதியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். பன்றிக்கு வேலி போடுகிறேன் என்று வீட்டுக் கரண்டை நேரே கம்பிக்குக் கொடுப்பது இதையெல்லாம்விடக் கொடியது. முறையான வேலிக் கருவி சுருளிலிருந்து நொடியின் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு மட்டும் ஒரு துடிப்பை அனுப்பி விட்டுவிடும். நேரே கொடுத்த வீட்டுக் கரண்ட் பிடித்த பிடியை விடாது. அப்படிப்பட்ட கம்பிகளில் மனிதரும் யானையும் செத்த செய்தி நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை.

சுருளில் வரும் இந்த அடியைச் சீராக்கி இன்னொரு பற்றரிக்கு ஏற்றினால், செலவழித்ததைவிட அதிகம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 'பெடினி மோட்டார்' என்று புகழ்பெற்ற துடிப்பு மோட்டார் இந்த நம்பிக்கையின் மையம். சக்கரத்தில் காந்தங்கள், பக்கத்தில் சுருள், சுருளின் பின்னடியைப் பிடிக்க டயோட், பிடித்ததைச் சேர்க்க இரண்டாம் பற்றரி. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் என் மாணவர்கள் பலரும் இதைக் கேட்டார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 1 வோல்ட் பற்றரி 3 வோல்ட் விளக்கை எரிப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்கு, அடுத்த படியும் சாத்தியம் என்று தோன்றுவது இயல்பு.

அளந்துதான் பார்க்கவேண்டும். எதை அளப்பது என்பதில்தான் வழுக்கல். மலிவான மீற்றர்கள் 50 தடவை ஒழுங்காக ஆடும் அலைக்கு ஏற்பக் கணக்குப் போட்டவை. கூர்மையான துடிப்பைக் கொடுத்தால் பிழையான எண்ணைக் கூசாமல் காட்டும். பற்றரியும் ஏமாற்றும்: ஏற்றி முடித்ததும் வோல்ட் உயர்ந்து நிற்கும், சுமை கொடுத்ததும் சரியும், சும்மா வைத்தாலே கொஞ்சம் ஏறவும் செய்யும். கொள்ளளவி ஏமாற்றாது. அதன் வோல்ட்டைப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு சக்தி என்று சொல்லிவிடலாம்: வோல்ட் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. நாங்கள் செய்தது இதுதான். ஒரு பெரிய கொள்ளளவியை நிரப்பி, பற்றரிக்குப் பதிலாக அதைச் சுற்றுக்குக் கொடுத்தோம். டயோடுக்குப் பின்னால் காலியான இன்னொன்று. முதலாவதில் எவ்வளவு குறைந்தது, இரண்டாவதில் எவ்வளவு கூடியது? ஷொட்கி போட்டபோது பாதிக்கு மேல் வந்து சேர்ந்தது. 1என்4007 போட்டபோது அதைவிட நன்றாகக் குறைந்தது. கொடுத்ததைவிடக் கூட ஒருதடவையும் வரவில்லை. மீதி எங்கே போனது என்று விரலால் தொட்டே காட்ட முடிந்தது: கொஞ்சம் டயோடில், கொஞ்சம் டிரான்சிஸ்டரில், கொஞ்சம் கம்பியில்.

டயோட் இல்லாவிட்டால் வேறொரு சேதமும் உண்டு. விளக்குச் சுற்றில் எல்.இ.டி.யின் கால் கழன்றால், வழி தேடும் சுருள் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போய் டிரான்சிஸ்டரையே உடைத்துக்கொண்டு பாயும். எத்தனையோ டிரான்சிஸ்டர்கள் காரணம் தெரியாமல் செத்தது இப்படித்தான். சுருளுள்ள எந்தப் பொருளை டிரான்சிஸ்டரால் அணைத்து ஏற்றினாலும், அதற்குப் பக்கத்தில் ஒரு டயோடைத் திருப்பி வைத்து, அணைக்கும் கணத்தில் ஓட்டம் சுற்றிவர ஒரு பக்கவழி விடுவது வழக்கம். இங்கே அதே கதவு சேமிக்கும் வேலை செய்யவில்லை, காக்கும் வேலை செய்கிறது.

சில மாதம் கழித்து, மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தெரணியகலைப் பக்கம் ஒரு கிராமத்து நீர்மின் நிலையத்துக்குப் போனோம். தேயிலைத் தொழிற்சாலைகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே அருவியில் சக்கரம் வைத்து இயந்திரம் ஓட்டியவை. ஊருக்கு வெளிச்சம் தர அதே யோசனை 1990களில் திரும்பி வந்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலை ஊர்கள் பலவற்றில், மக்கள் சங்கம் அமைத்து, ஓடையை மறித்து, பைப் இறக்கி, சிறு நீர்ச்சுழலி வைத்து வீட்டுக்கு வீடு கரண்ட் கொடுத்தார்கள். தேசிய மின்கம்பி வந்தபின் பல நின்றுபோயின. நாங்கள் போனது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தகரக் கொட்டிலில் இருந்தது சாதாரண மில் மோட்டார்தான். தண்ணீர் சுற்ற, கொள்ளளவிகள் துணை நிற்க, மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறியிருந்தது. ஊர் விளக்கை அணைத்தால் சுமை குறைந்து மோட்டார் வெறிகொண்டு சுற்றும், வோல்ட் ஏறும். அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வீடுகளுக்குத் தேவைப்படாத மிச்சத்தை அது ஒரு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய சூடாக்கிக்குத் திருப்பிவிடுகிறது. எவ்வளவு மிச்சமோ அவ்வளவு சூடு. தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. பொறுப்பாளர் அண்ணன் அதில்தான் குளிப்பதாகச் சொன்னார்.

பெட்டியைத் திறந்து காட்டினார். பிறப்பாக்கியின் ஆடலோட்டம் முதலில் ஒரு பாலச் சீராக்கிக்குள் போகிறது. அலுமினியத் தகட்டில் பூட்டிய கறுப்புச் சதுரம். அங்கிருந்து வரும் நேரோட்டத்தை ஒரு பெரிய டிரான்சிஸ்டர் துண்டு துண்டாக வெட்டிச் சூடாக்கிக்கு அனுப்புகிறது. மிச்சம் கூடினால் துண்டு அகலமாகும், குறைந்தால் குறுகும். சூடாக்கியின் கம்பியும் சுருள்தானே? அதை அணைக்கும்போதெல்லாம் ஒரு சிறு அடி எழும். அதற்குப் பக்கவழியாக இன்னொரு டயோட், வெள்ளிப் பட்டை மேல்நோக்கியபடி, டிரான்சிஸ்டரின் அருகிலேயே நின்றது.

மாணவன் தலையைப் பெட்டிக்குள் நீட்டாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு கறுப்புச் சதுரத்தைக் கண்ணால் காட்டிக் கேட்டான்.

"இது மெதுவானது. சரியா சேர்?"

"சரி."

"அப்ப பக்கத்துல நிக்கிறது வேகமானதா இருக்கணும்."

அண்ணன் துணியால் அந்தச் சின்ன டயோடின் தூசியைத் துடைத்தார். எல்லோரும் குனிந்து எண்ணைப் படிக்கத் தொடங்கினோம்.